ரூன் எழுத்துக்களின் பிறப்பும் பொருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் குறளும் சிலம்பும் கம்பனும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதிதாகத் தோன்றக்கூடும். ஐரோப்பாவின் வடபால் வாழ்ந்த ஜெர்மானியக் குடிகள் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் வழங்கிய 'ரூன்' என்னும் எழுத்துக்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். யாம் பல்கலைக்கழகம் கண்ட புலவர் அல்லேம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதைப் பணியில் எழுத்தராக அமர்ந்தோம். பகலெல்லாம் பிறர் தம் சரக்கின்மேல் எழுதிய பெயரையும் ஊரையும் படிப்பதே எம் தொழில். ஆகவே எழுத்தின்மேல் எமக்குத் தீராப் பற்று உண்டு. அப்பற்றே இத்தலைப்பிற்கு எம்மை இழுத்து வந்தது.

மற்றுமொரு காரணமும் உண்டு. இக்காலத்தில் ரூன் எழுத்துக்கள் இளைஞரிடையே பெரிதும் உலவுகின்றன. பதக்கங்களிலும் மோதிரங்களிலும், கைப்பேசி விளையாட்டுக்களிலும், வருங்காலம் உரைக்கும் என்று விற்கப்படும் சிறு கற்களிலும் அவற்றைக் காண்கின்றோம். இவ்வெழுத்துச் செல்வம் தரும், இது வெற்றி தரும், இது பகை நீக்கும் என்று அவற்றோடு வரும் அட்டைகள் கூறுகின்றன. இவற்றுள் ஓர் எழுத்தையே சட்டைக் கழுத்தில் இரட்டையாகப் பொறித்துக்கொண்டு, 1930களிலும் 1940களிலும் இலட்சக்கணக்கான மக்களைக் கொன்று குவித்த படையும் ஒன்று இருந்தது. எழுத்து என்பது படிப்பதற்கு உரியது. படிக்க மறந்தவர் கையில் அது என்ன பாடு படும் என்பதற்கு ரூனின் வரலாறு தக்க சான்றாகும். அவ்வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

ஜெர்மானியக் குடிகள் என்போர் யாவர்? இன்று டென்மார்க், ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி, ஆலந்து ஆகிய நாடுகளில் வழங்கும் மொழிகளுக்கெல்லாம் தாயான பழமொழி ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அதனையும் அதன் கிளைகளையும் பேசிய மக்களையே ஜெர்மானியக் குடிகள் என்கின்றோம். அவர்களுடைய மிகப் பழைய எழுத்து வரிசையில் 24 எழுத்துக்கள் இருந்தன. அகரம் முதலாக வருதலின் நம் எழுத்து வரிசையை அகரவரிசை என்கின்றோம் அல்லவா? அதுபோல, முதல் ஆறு எழுத்துக்களின் ஒலியைச் சேர்த்து அவ்வரிசையை 'ஃபுதார்க்' என்று அறிஞர் வழங்குவர். 24 எழுத்துக்களும் எட்டெட்டாக மூன்று கூறுகளாகப் பகுக்கப்பட்டிருந்தன.

இவ்வரிசையை இக்காலத்தவர் தம் மனம்போல் அமைத்துக்கொண்டனர் என்று எவரும் ஐயுற வேண்டுவதில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த காட்லாந்து தீவில் கில்வர் என்னும் இடத்தில் 1903இல் ஒரு பழங்கல்லறையின் கற்பலகை கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 400 அளவினதாகக் கருதப்படும் அப்பலகையில் எழுத்து வரிசை முழுவதும் வெட்டப்பட்டுள்ளது. நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய அரிச்சுவடியைக் கல்லில் கண்டாற்போன்றது அது.

இனி, இவ்வெழுத்துக்களின் உருவத்தை நோக்குவோம். பெரும்பாலும் நேர்க்கோடுகளும் சாய்ந்த கோடுகளுமே உள்ளன. வளைவுகள் அரியன, கிடைக்கோடுகள் இல்லை என்றே சொல்லலாம். இதன் காரணத்தை அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டா. ஒரு மரச்சிம்பையும் கத்தியையும் கையில் எடுத்தால் போதும். மரத்தின் நார் ஓடும் வழியே கோடு கீறினால் அது நாரோடு நாராய் மறைந்துவிடும்; சில வேளை மரமே பிளந்துவிடும். நாருக்குக் குறுக்காகவும் சாய்வாகவும் கீறிய கோடுகள் தெளிவாக நிற்கும். வளைவு வெட்டுவதோ கடினம். ஓலையும் எழுத்தாணியும் தென்னாட்டு எழுத்துக்கு உருவம் தந்தாற்போல, மரமும் கத்தியும் இவ்வெழுத்துக்கு உருவம் தந்தன என்பது அறிஞர் பலரின் கருத்து. பின்னர் கல்லிலும் எலும்பிலும் உலோகத்திலும் எழுதிய போதும் அவ்வுருவமே நிலைத்தது.

இவ்வெழுத்து எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை தேடி ஐரோப்பிய அறிஞர் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வந்துள்ளனர். டென்மார்க்கு நாட்டு அறிஞர் லுட்விக் விம்மர் 1874இல் எழுதிய நூலில், ரூன் எழுத்து உரோமரின் இலத்தீன் எழுத்திலிருந்து பிறந்தது என்றார். ஆர், பி, எச், ஐ, எஃப் என்னும் எழுத்துக்களின் வடிவம் இரண்டிலும் பெரிதும் ஒத்திருத்தல் அவர்க்குத் துணை செய்தது. ஸ்வீடன் நாட்டு ஓட்டோ ஃபான் ஃபிரீசன், கிரேக்க எழுத்தே மூலம் என்றும், கருங்கடற்கரையில் குடியேறிய காத்தியர் அதனைக் கற்று வடக்கே அனுப்பினர் என்றும் கொண்டார். நார்வே நாட்டுக் கார்ல் மார்ஸ்ட்ராண்டர் 1928இல், ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வழங்கிய வட இத்தாலிய எழுத்துக்களே மூலம் என்றார்.

இம்மூன்றையும் சான்றுகளோடு உரைத்துப் பார்த்தல் வேண்டும். டென்மார்க்கின் ஃபியூன் தீவிலுள்ள வீமோசே என்னும் சதுப்பு நிலத்தில் மான்கொம்பாற் செய்த சீப்பு ஒன்று கிடைத்தது. அதில் 'ஹர்யா' என்னும் ஒரே சொல் வெட்டப்பட்டுள்ளது. அதன் காலம் கி.பி. 160 அளவு என்பர். காத்தியர் கருங்கடற்கரையில் வலுப்பெற்றதோ மூன்றாம் நூற்றாண்டில். பிள்ளைக்குப் பின் தாய் பிறத்தல் இயலாது அன்றோ? ஆதலின் அக்கொள்கை வலுவிழந்தது. மலைச்சாரல் கொள்கைக்குத் துணையாக நிற்பது 1811இல் இன்றைய ஸ்லோவேனியாவில் கிடைத்த நெகாவ் தலைக்கவசம். அதில் வட இத்தாலிய எழுத்தில் ஒரு ஜெர்மானியப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஜெர்மானியர் அவ்வெழுத்தை அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகலாம். அதிலிருந்தே ரூன் பிறந்தது என்பதற்கு இது மட்டும் போதாது. மிகப் பழைய ரூன்கள் ஆல்ப்ஸ் மலையருகே கிடைக்கவில்லை. நெடுந்தொலைவு வடக்கே டென்மார்க்கிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலுமே கிடைக்கின்றன. எனவே, உரோமப் பேரரசோடு வாணிகமும் போரும் படைப்பணியும் கொண்டிருந்த வடபுலத்தார், தெற்கே கண்ட எழுத்தைத் தமக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தனர் என்ற அளவில் அறிஞர் பெரும்பாலும் உடன்படுகின்றனர். தெற்கே கண்டது இலத்தீனா, வட இத்தாலியமா என்பதில் மட்டும் வழக்கு முடிந்தபாடில்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே புதிய சாட்சிகளும் வந்துகொண்டிருக்கின்றன. நார்வேயின் தீரிஃப்யோர்டன் ஏரிப்பகுதியில் 2021இல் ஒரு பழம் புதைகுழியை அகழ்ந்தபோது ரூன் பொறித்த மணற்கல் ஒன்று கிடைத்தது. குழியில் இருந்த கரியையும் எலும்பையும் ஆராய்ந்து, அது கி.பி. 1 முதல் 250 வரையிலான காலத்தது என்று ஓஸ்லோ அருங்காட்சியகத்தார் 2023இல் அறிவித்தனர். அதுகாறும் அறிந்த ரூன் கற்களுள் மிகப் பழமையானது என்னும் பெயரை அது பெற்றது. ஒருவருடைய பெயர் எனத் தோன்றும் சொல்லோடு, எழுதிப் பழகியவை போன்ற கீறல்களும் அதில் உள்ளன.

எழுத்தை இரவல் பெற்றதில் இழிவு ஒன்றும் இல்லை. இன்று உலகில் வழங்கும் எழுத்துக்களுட் பெரும்பாலானவை பிறரிடம் கண்டு கற்றுத் தமக்கென ஆக்கிக்கொண்டவையே. வடபுலத்தார் கண்டதை அப்படியே எழுதி வைத்தாரல்லர். தம் மொழிக்கு வேண்டாத எழுத்தைத் தள்ளினர். வேண்டும் ஒலிக்குப் புதிய குறி அமைத்தனர். வரிசையை முற்றும் மாற்றினர். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வோர் எழுத்துக்கும் தம் மொழியிலிருந்தே ஒரு பெயர் சூட்டினர். பெற்றது இரவலாயினும் பெயரிட்டு வளர்த்தவர் அவரே.

இப்பெயர்களே 'ரூனின் பொருள்' என்று இன்று பேசப்படுவனவற்றிற்கு வேர். ஆகவே அவற்றைச் சற்று விரிவாகக் காண்போம். முதல் எழுத்தின் பெயர் 'ஃபெஹு'. அதற்கு ஆடுமாடு என்றும் செல்வம் என்றும் பொருள். மாடு என்னும் சொல்லே செல்வத்தையும் குறிக்கும் மொழியைப் பேசும் நமக்கு இதனை விளக்க வேண்டா. இரண்டாவது 'ஊருஸ்', காட்டெருது. அதன்பின் வருவனவற்றுள் 'அன்சுஸ்' தெய்வம், 'ரைதோ' பயணம், 'கெபோ' கொடை, 'ஹகலஸ்' ஆலங்கட்டி மழை, 'நௌதிஸ்' வறுமை, 'ஈசஸ்' பனிக்கட்டி, 'யேரா' ஆண்டு, நல்ல விளைச்சல், 'சோவிலோ' கதிரவன், 'பெர்கனன்' பூர்ச்ச மரம், 'எஹ்வஸ்' குதிரை, 'மன்னஸ்' மனிதன், 'லகுஸ்' நீர், 'தகஸ்' பகல், 'ஓதிலா' மூதாதையர் விட்டுச்சென்ற நிலம். ஓர் உழவனின் முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியும் உலகம் முழுவதும் இப்பெயர்களில் அடங்கியுள்ளது. கால்நடை, குளிர், பசி, அறுவடை, வெயில், நிலம்! அவ்வெழுத்தை வழங்கியோரின் வாழ்வை இதனினும் சுருங்கக் காட்டல் அரிது.

இப்பெயர்களை நாம் அறிந்தது எவ்வாறு? பழைய கல்வெட்டுக்கள் இவற்றைக் கூறவில்லை. இங்கிலாந்திலும் நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் பிற்காலத்தில் எழுந்த மூன்று பாடல்கள், எழுத்துக்கு ஒரு செய்யுளாக அவற்றின் பெயரை விளக்குகின்றன. ஆங்கிலப் பாடலின் ஏடு 1731இல் இலண்டனில் நேர்ந்த தீயில் அழிந்தது. ஜார்ஜ் ஹிக்கஸ் என்னும் அறிஞர் 1705இலேயே அதனை அச்சேற்றியிருந்தமையால் அப்பாடல் பிழைத்தது. ஏட்டுச்சுவடி அழியுமுன் அச்சேற்றியவரின் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுமோ? அப்பாடல்களையும் சில மடாலயச் சுவடிகளையும் ஒப்பிட்டு, மூலப் பெயர்களை மொழிநூலார் மீட்டமைத்தனர். மீட்டமைத்தவை ஆதலின் சில பெயர்களில் ஐயம் உண்டு. ஆங்கிலப் பாடல் 'முள்' எனக் கூறும் எழுத்தை வடநாட்டுப் பாடல்கள் 'அரக்கன்' எனக் கூறுகின்றன. இது தீபம் என அங்கே சொல்லப்படும் எழுத்து, வடக்கே 'புண்' ஆகிறது. ஓரெழுத்துக்கு என்றும் மாறாத ஒரே மறைபொருள் உண்டு என்பார், முள்ளும் அரக்கனும், விளக்கும் புண்ணும் எவ்வாறு ஒன்றாகும் என்பதற்கு விடை கூறல் வேண்டும்.

உண்மை எளியது. பெயர்கள் எழுத்தை நினைவில் நிறுத்தவே எழுந்தன. நம் பிள்ளைகள் 'அ, அணில். ஆ, ஆடு' என்று படிக்கின்றனர். ஆகாரத்துக்குள் ஆட்டின் ஆற்றல் உறைந்திருக்கிறது என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. எனினும், எழுதுவோர் சில வேளை ஓரெழுத்தையே அதன் பெயர்ச்சொல்லுக்கு ஈடாக நிறுத்தினர் என்பதையும் மறைத்தலாகாது. ஸ்வீடனின் பிளெகிங்கே பகுதியிலுள்ள ஸ்டென்டோஃப்டென் கல்லில், தலைவன் ஒருவன் நல்விளைச்சல் அளித்தான் என்னும் இடத்தில் 'யேரா' என்ற எழுத்து மட்டும் நிற்கிறது. அது மந்திரம் அன்று, சுருக்கெழுத்து.

அப்படியாயின் ரூனில் மறைபொருளே இல்லையோ என்று வினவலாம். அவ்வாறு சொல்லுதலும் நடுவுநிலை ஆகாது. 'ரூன்' என்னும் சொல்லின் பழம்பொருளே மறைவு, கமுக்கமான பேச்சு என்பதாம். நான்காம் நூற்றாண்டில் விவிலியத்தைக் காத்திய மொழியில் பெயர்த்த வுல்ஃபிலா, கிரேக்கத்தில் மறைபொருள் எனப் பொருள்படும் சொல்லுக்கு இச்சொல்லையே ஆண்டார். ஓதின் என்னும் தெய்வம் ஒன்பது இரவு ஒரு மரத்தில் தொங்கி ரூன்களைப் பெற்றது என்று ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ஏடெழுதப்பட்ட பழம்பாடல் கூறும். பிளெகிங்கேயில் நான்கு மீட்டர் உயரம் நிற்கும் பியோர்கெடோர்ப் கல், தன்னைச் சிதைப்பவர் அழிவர் என்று சபிக்கிறது. எழுத்து அரிதாய் இருந்த காலத்தில், பேசாத கல் பேசுவதைக் கண்ட மக்கள் வியந்ததும் அஞ்சியதும் இயல்பே.

ஆயினும் கிடைத்தவற்றுக்கு மேல் ஏற்றிச் சொல்லுதல் தவறு. உரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98இல் எழுதிய 'ஜெர்மானியா' என்னும் நூலில், பழமரக் கிளையைச் சிறு துண்டுகளாக்கிக் குறியிட்டு எறிந்து ஜெர்மானியர் திருவுளச் சீட்டுப் பார்த்தனர் என்று எழுதியுள்ளார். அவர் 'குறி' என்றாரே அன்றி 'எழுத்து' என்றாரல்லர். ரூன் கற்களை உருட்டிக் குறி சொல்லும் இன்றைய வழக்கம் முழுவதும் இவ்வொரு சொல்லின்மேல் கட்டப்பட்ட மாளிகை.

பழையோரே இதற்கு ஒரு நல்ல கதை வைத்துள்ளனர். எகில் என்னும் வீரரின் வரலாற்றைக் கூறும் ஐஸ்லாந்து உரைநூலில் அது வருகிறது. நோயுற்றுக் கிடந்த பெண்ணொருத்தியின் படுக்கையில், ரூன் பொறித்த திமிங்கில எலும்பொன்றை எகில் காண்கிறார். அவளை விரும்பிய இளைஞன் ஒருவன் எழுத்தறியாமல் தாறுமாறாகப் பொறித்துவிட்டதே நோய்க்குக் காரணம் என்று கண்டு, அதனைச் சுரண்டித் தீயிலிடுகிறார். படிக்கத் தெரியாதவன் ரூனைப் பொறித்தலாகாது என்பதே அக்கதை தரும் அறிவுரை. அவ்வறிவுரை பின்னர் மறக்கப்பட்டது.

காலம் செல்லச் செல்ல ரூன் வரிசையும் மாறியது. இங்கிலாந்தில் குடியேறியோர் தம் மொழியில் ஒலிகள் பெருகியமையால் எழுத்துக்களை 28 ஆகவும், பின் 33 வரையிலும் பெருக்கினர். வடநாட்டாரோ எட்டாம் நூற்றாண்டில் அவற்றை 16 ஆகக் குறைத்தனர். ககர ஒலியின் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் ஓரெழுத்து, அவ்வாறே தகரத்துக்கு ஓரெழுத்து, பகரத்துக்கு ஓரெழுத்து. இஃது எங்ஙனம் இயலும் என்று ஆங்கிலம் மட்டும் அறிந்தோர் மருளுவர். தமிழறிந்த நாம் மருள வேண்டுவதில்லை. இடம் நோக்கி ஒலிப்பறிந்து படித்தல் நமக்குப் பழக்கமானதே.

அந்தப் பதினாறு எழுத்துக்களால்தான் வைக்கிங் காலத்து நினைவுக் கற்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. ஸ்வீடனின் உப்லாந்து மாநிலத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை உள்ளன. அவை பேசுவது என்ன? இறந்தார் பெயர், கல் நாட்டினார் பெயர், உறவு முறை ஆகியவையே. ஸ்வீடனின் ரோக் என்னும் ஊரில் ஏறத்தாழ 760 எழுத்துக்கள் நிறைந்த பெருங்கல்லை வாரின் என்பவர், இறந்த தம் மகன் வாமோத் நினைவாக ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். டென்மார்க்கின் யெல்லிங் என்னும் ஊரில் ஹாரால்டு மன்னர் கி.பி. 965 அளவில் தம் தாய் தந்தையர் நினைவாக ஒரு கல் நாட்டினார். மகனை இழந்த தந்தையும், பெற்றோரை நினைத்த மகனும், ஓரெழுத்தையே நாடினர்.

இவையெல்லாம் செல்வர் நாட்டிய கற்கள்; எளிய மக்கள் எழுதினார்களா என்று கேட்பீராயின், அதற்கு விடை நார்வேயின் பெர்கன் துறைமுகம் தருகிறது. அங்குள்ள பிரிக்கென் என்னும் வாணிகத் தெரு 1955இல் தீப்பற்றியது. எரிந்த இடத்தை அகழ்ந்தபோது, ரூன் எழுதிய பொருள்கள் அறுநூறுக்கு மேல் வெளிப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை மரக்குச்சிகள்; 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை. அவற்றுட் பல, சரக்கு மூட்டையில் கட்டித் தொங்கவிட்ட உடைமைச் சீட்டுக்கள். 'இஃது இன்னாருக்கு உரியது' என்பதே அவற்றின் செய்தி. இன்றும் பார்சல் அலுவலகத்தில் மூட்டைமேல் ஒட்டும் சீட்டுக்கும் அதற்கும் வேறுபாடு யாது? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னும் சரக்கு மாறிப் போயிருக்கிறது, பெயர் தேவைப்பட்டிருக்கிறது, அதனை எழுதவும் படிக்கவும் ஆள் இருந்திருக்கிறார். எம்போன்ற எழுத்தர்க்கு ஓதினைக் காட்டிலும் அவரே நெருங்கிய உறவினர்.

வேறு ஒரு குச்சியில் வணிகர் ஒருவர் தம் கூட்டாளிக்கு எழுதுகிறார்: வாணிகம் சரியில்லை, மதுவும் கிடைக்கவில்லை, மீனும் கிடைக்கவில்லை என்று. மற்றொரு குச்சியில், கீதா என்பவள் 'உடனே வீட்டுக்கு வரச் சொன்னாள்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பெயர் நம் வீட்டுப் பெண்ணின் பெயர்போல் ஒலித்தாலும் அவள் நார்வே நாட்டாள். யாருக்கு எழுதினாள், அவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை இங்குள்ள இல்லறத்தார் தாமே ஊகித்துக்கொள்வர். மறைபொருள் தேடுவோர் இக்குச்சிகளை விரும்புவதில்லை. எமக்கோ இவற்றினும் உயர்ந்த சான்று வேண்டுவதில்லை. ஓரெழுத்து மன்னன் கல்லில் இருப்பது அதற்குப் பெருமை. மனைவி கணவனை அழைக்கும் குச்சியில் இருப்பது அதற்கு உயிர்.

ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் வைத்து வாழும் நம்மை உருக்குவன, அயல்நாடு சென்றோர் எழுதிய ரூன்களும் அவர்க்காக எழுதப்பட்டனவும் ஆகும். வடநாட்டு வீரர் பலர் கான்ஸ்டான்டினோபிள் மன்னரிடம் காவற்படையாகப் பணி செய்தனர். அந்நகரின் ஹேகியா சோபியா பேராலயத்து மேல்மாடத்துச் சலவைக்கல்லில் ரூன் கீறல் ஒன்று 1964இல் கண்டறியப்பட்டது. தேய்ந்துபோன அவ்வரியில் தெளிவாகத் தெரிவது 'ஹால்ஃப்டான்' என்னும் பெயர் மட்டுமே. மொழி புரியாத வழிபாட்டின் நடுவே நின்ற ஒருவர், தம் பெயரைத் தம் எழுத்தில் கீறி வைத்தார். கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் நின்ற சலவைக்கல் சிங்கத்தின் தோள்களிலும் 11ஆம் நூற்றாண்டில் ரூன்கள் பொறிக்கப்பட்டன. அச்சிங்கம் 1687இல் வெனிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது; இன்றும் அங்கே நிற்கிறது.

எல்லோரும் திரும்பி வரவில்லை. 11ஆம் நூற்றாண்டில் இங்வார் என்னும் தலைவரோடு கிழக்கே சென்ற கூட்டம் காஸ்பியன் கடற்பக்கத்து நாடுகளில் அழிந்தது. அவர்களுக்காக ஸ்வீடனில் நாட்டப்பட்ட கற்கள் இருபதுக்கு மேல் உள்ளன. கிரிப்ஸ்ஹோல்ம் என்னும் இடத்திலுள்ள கல்லை நாட்டியவர் தோலா என்னும் தாய்; இங்வாரின் உடன்பிறந்தானாகிய ஹாரால்டு என்னும் தம் மகனுக்காக நாட்டினார். பொன் தேடித் தொலைவு சென்றவர் தெற்கே மாண்டனர் என்ற செய்தியை அதில் பொறிக்கச் செய்தார். மகனின் உடல் வரவில்லை. பெயராவது ஊரில் நிற்கட்டும் என்று அந்தத் தாய் எண்ணியிருத்தல் வேண்டும். ரூனின் பொருள் யாது என்று எம்மைக் கேட்டால், யாம் இக்கல்லையே சுட்டுவோம்.

கிறித்தவம் பரவிய பின்னும் ரூன் உடனே மறையவில்லை. கோயில் மணியிலும் சுவரிலும் அஃது எழுதப்பட்டது. ஸ்வீடனின் டாலர்னா மாநிலத்து எல்வ்டாலென் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சிற்றூர் மக்கள் அதனை வழங்கினர். ஏனைய இடங்களில் இலத்தீன் எழுத்தும் தாளும் அச்சும் அதன் இடத்தைப் பற்றின. ஐஸ்லாந்து மொழியில் மட்டும் 'முள்' எழுத்து இன்றும் இலத்தீன் எழுத்துக்களின் நடுவே வாழ்கிறது.

படிப்போர் குறைந்த காலத்தில்தான் கேடு தொடங்கியது. அதுவும் பகைவரால் அன்று. பற்று மிக்கவரால் வந்தது. பிளெகிங்கேயில் ரூனாமோ என்னும் பாறை உண்டு. அதில் உள்ள கோடுகள் பழைய எழுத்து என்று நெடுங்காலம் நம்பினர். 1834இல் ஃபின்னுர் மாக்னுசன் என்னும் பேரறிஞர், அக்கோடுகளை வலமிருந்து இடமாகப் படித்து, ஒரு பழம்போரைப் பற்றிய பாடல் அதில் உள்ளது என்றார். 1841இல் எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலும் வெளியிட்டார். 1844இல் வோர்சோ என்னும் இளைய ஆய்வாளர் பாறையைத் துருவி ஆராய்ந்து, அவை எழுத்தே அல்ல, பாறையில் இயற்கையாக விழுந்த வெடிப்புக்கள் என்று நிறுவினார். வெடிப்பிலிருந்து பாடலை வரவழைத்தது கல்லாமை அன்று. 'நம் பழமை இன்னும் பெரிதாக இருத்தல் வேண்டும்' என்னும் ஆசை.

ரூனாமோவில் கெட்டது ஓர் அறிஞரின் பெயர் மட்டுமே. அடுத்ததோ அத்துணைச் சிறிதன்று. வியன்னா நகரத்துக் குயிடோ ஃபான் லிஸ்ட் என்பவர் 1902இல் கண் அறுவைக்குப்பின் பல திங்கள் பார்வையின்றி இருந்தார். அக்காலத்தில் ரூனின் இரகசியம் தமக்கு உள்ளொளியாய்த் தோன்றியது என்று கூறி, 1908இல் நூல் வெளியிட்டார். அவர் கண்ட ரூன்கள் 18. அப்படி ஒரு வரிசை எந்தக் கல்லிலும், எந்தச் சீப்பிலும், எந்தக் குச்சியிலும் இல்லை. பழம்பாடல்கள் அனைத்தும் 'கதிரவன்' என்று கூறும் எழுத்துக்கு அவர் 'வெற்றி' என்று பெயரிட்டார். நாஜிகளின் எஸ்.எஸ். படை அவ்வெழுத்தையே இரட்டையாக்கித் தன் சின்னமாகக் கொண்டது. மூதாதையர் நிலத்தைக் குறித்த எழுத்தையும், அதே படையின் பிரிவொன்று அணிந்து பிறர் நிலத்தைப் பறித்தது. உழவனுக்கு வெயிலாக இருந்த எழுத்து, வதைமுகாம் காவலனின் கழுத்தில் ஏறியது. எஸ்.எஸ். சின்னத்தைப் பொதுவில் காட்டுதல் இன்று ஜெர்மனியில் சட்டப்படி குற்றம். எழுத்துக்கு நேர்ந்த இழுக்கு இதனினும் பெரிது உண்டோ?

போருக்குப் பின்னும் புனைவு நிற்கவில்லை. 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த குறிசொல்லும் நூலொன்று, எழுத்தே இல்லாத வெறுங்கல் ஒன்றையும் ரூன் எனச் சேர்த்து, அதற்கும் பொருள் உரைத்தது. எழுதாத கல்லுக்கும் பொருள் சொல்லும் இடத்தில் எழுத்துக்கு வேலை ஏது?

இளைஞர்களே! ரூன் அணிதலாகாது என்று யாம் கூற வரவில்லை. உங்கள் கைப்பேசியில் புளூடூத் என்னும் குறி உள்ளது. அது யெல்லிங்கில் கல் நாட்டிய ஹாரால்டு மன்னரின் பட்டப்பெயர். அந்த நீலக் குறி அவர் பெயரின் முதலெழுத்துக்களான இரண்டு ரூன்களைப் பிணைத்து வரைந்தது. அதனை நாள்தோறும் தொடுகின்றீர்கள். அறிந்து தொடுங்கள் என்பதே எம் வேண்டுகோள். ஒரு குறியை அணியுமுன் அது எந்த ஒலி, எந்தக் கல்லில் உள்ளது, யார் அதற்கு அப்பொருள் சொன்னார், எந்த ஆண்டில் சொன்னார் என்று கேளுங்கள். இந்நான்கு வினாக்களுக்கு முன் பொய் நில்லாது.

பழமை பேசுவதில் நாமும் பிறர்க்கு இளைத்தவர் அல்லேம். ஆதலின் ரூனாமோப் பாறை நமக்கும் ஒரு பாடம். சான்று இருக்கும் அளவுக்குப் பேசிய பெருமை எவர் வந்து உரசினும் நிற்கும். சான்றைத் தாண்டிப் பேசியது, ஓர் இளைஞன் பாறையைத் துருவிப் பார்க்கும் நாள் வரையில்தான் நிற்கும். எழுத்தைப் போற்றுவதற்கு வழி அதனைப் பூசையில் வைப்பது அன்று. படிப்பதும் எழுதுவதும் அடுத்தவர்க்குக் கற்பிப்பதுமே. எல்வ்டாலென் சிற்றூரார் அதனைத்தான் செய்தனர். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும் அதனைத்தான் செய்கிறது. அவ்வகுப்புக்குத் தம் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புமாறு பெற்றோரை வேண்டி அமைகின்றோம்.